எருமையை விற்று வாங்கிய குழல்

குறி தவறினால் துப்பாக்கியைத்தான் குறை சொல்வார்கள். தன் கையைக் குறை சொன்னவனை நான் பார்த்ததில்லை. நானும் சொல்லவில்லை. அதனால்தான் எருமை போச்சு.

வெள்ளைக்காரன் காலம். உசிலம்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் புஞ்சை. அய்யா ஒரு துரையிடம் வாங்கிய ரைபிள் வீட்டில் இருந்தது. ஊருக்கே அது ஒன்றுதான். (பெரிய வீட்டுப் பங்காளியிடம் ஒரு துப்பாக்கி உண்டு. அது கொக்கு சுட.) மாசியில் சாமி கும்பிட்டுப் பாரிவேட்டைக்குப் போனால் முதல் வெடி எங்கள் வீட்டு வெடி. எங்களுக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான்.

அய்யா கண்ணை மூடினார். ரைபிள் என் கைக்கு வந்தது. அதற்கப்புறம் சுட்டது ஒன்றும் விழவில்லை. பன்றி நிற்கும். அதற்கு முன்னால் மண் பறக்கும். பன்றி திரும்பிப் பார்க்கும். போகும். இரண்டு மாசியும் இப்படியே. இன்னொரு தடவை தவறினால் முதல் வெடி பெரிய வீட்டுக்கு என்று ஊர்க்கூட்டத்தில் பேசிவிட்டார்கள்.

குழல் தேய்ந்துவிட்டது என்று நானே முடிவு செய்தேன். குழலை மட்டும் மாற்றுவதா, துப்பாக்கியையே மாற்றுவதா? அதுதான் யோசனை.

என் மச்சினன் புதுசுக் கட்சி.

“கிழட்டு ரைபிளுக்குப் புதுக் குழல் எதுக்கு மச்சான்? பல்லுப் போன கிழவன் மீசைய முறுக்கின மாதிரி இருக்கும்.”

“புதுசுன்னா உழவு மாட்டை விக்கணும் மாப்ள. குழல்னா எருமையோட போகும்.”

“மாட்டை வித்துருங்க.”

“ஏரை நீ இழுக்கியா?”



வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து சொன்னாள்: “ரெண்டும் வேணாம். நல்லாத் தொடச்சுட்டுச் சுட்டுப் பாருங்க.”

பொம்பளைக்கு ரைபிளைப் பற்றி என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன். (இந்த வரியை யாரும் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.)

மதுரைக்குத் தூக்கிப் போனேன். ரிப்பேர்க் கடை பாய் பின்பக்கம் திறந்து, குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தார். “உள்ள ஒண்ணும் பழுது தெரியலையேண்ணே” என்றார். அப்புறம் நுனியைப் பார்த்தார். நகத்தைக் கொண்டுபோனார்.

“தொடாதீக பாய். அது சாமிக்கு வச்ச சந்தனம்.”

கையை எடுத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார்.

“அப்ப குழலையே மாத்திருவோம்” என்றார்.

எருமையை விற்றேன். புதுக் குழல் போட்டாச்சு. பழையதைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். வீட்டு மூலையில் போட்டேன். வீட்டுக்காரி ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

மாசி வந்தது. சாமி முன்னால் ரைபிளை வைத்துச் சந்தனம் வைத்தேன். அய்யா தோளில் வைக்கிற கட்டையில் ஒரு பொட்டு வைப்பார், அவ்வளவுதான். எனக்குப் பக்தி கூட. கட்டையில் ஒன்று, நடுவில் ஒன்று, நுனியில் ஒன்று. நுனியில் குறி பார்க்கிற முள் இருக்கும், நெல்மணி அளவு. அதன்மேல் அப்பினால் நன்றாக ஒட்டும். வைத்த சந்தனத்தைத் துடைக்கக் கூடாது, தானாக உதிரணும். அது எங்கள் வழக்கம். புதுக் குழல் ஆச்சே என்று கொஞ்சம் கூடவே அப்பினேன். வெயிலில் காய்ந்து கொண்டைக்கடலை மாதிரி நின்றது.

நாய்கள் விரட்டின. பன்றி ஒன்று கண்மாய்க் கரைமேல் வந்து நின்றது. கரைக்குக் கீழே, ஆள் இல்லாத இடத்தில், பெரிய வீட்டார் கொண்டுவந்த பானக அண்டா. வேட்டை முடிந்து எல்லாரும் குடிக்க. குறி பார்த்தேன். கொண்டைக்கடலை தெரிந்தது. பன்றி தெரிந்தது. சுட்டேன்.

அண்டா ‘ணங்’ என்றது. பானகம் பீச்சியடித்தது. பன்றி அண்டாவைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. போய்விட்டது.

உறுமி மேளக்காரர் ஓடிப்போய் ஓட்டையில் வாயை வைத்தார். நிமிர்ந்து, “இனிப்பு கொஞ்சம் தூக்கல்ணே” என்றார்.

மச்சினன் ரைபிளை வாங்கிப் பார்த்தான்.

“மச்சான், நுனியில என்ன இது?”

“சந்தனம்.”

“இதுக்கு மேலயா குறி பாத்தீக?”

“வேற எங்க பாக்குறது?”

நகத்தால் பெயர்த்துப் போட்டான். தூரத்துக் கரையான் புற்றின் உச்சியைச் சுட்டான். உச்சி பறந்தது.

“முள்ளு ஒசந்தா, அதைப் பன்னிக்கு நேரா வைக்கக் குழல் தாழும் மச்சான். குண்டு மண்ணுக்குத்தான் போகும்.” ரைபிளைத் திருப்பிக் கொடுத்தான். “பழைய குழல்லயும் இப்படித்தான் வச்சீகளா?”

“அய்யா போனதுலருந்து.”

“அப்ப எருமை?”

நான் பன்றி போன திக்கைப் பார்த்தேன்.

முதல் வெடி பெரிய வீட்டுக்குப் போனது. ஊர் எனக்கும் ஒரு உரிமை கொடுத்தது. வேட்டைக்கு முன்னால் பெரிய வீட்டுத் துப்பாக்கியையும் துடைத்துக் கொடுக்கிற உரிமை. இன்றைக்கும் நான்தான் துடைக்கிறேன்.

பழைய குழலை வீட்டுக்காரி அடுப்படிக்கு எடுத்துக்கொண்டாள். அதுதான் எங்கள் ஊதுகுழல். புதுசாக வந்த மருமகள் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்ன அத்தை, இம்புட்டுக் கனமா இருக்கு?” என்றாள்.

“இருக்காதா பின்ன? உள்ள ஒரு எருமை இருக்குல்ல.”

சொல்லிவிட்டு ஊதினாள். அடுப்பு குப்பென்று பிடித்தது. வாசலில் இருந்த எனக்குக் கேட்கும்படி சொன்னாள்:

“குழல்ல ஒரு பழுதும் இல்ல தாயி. காத்து நேராத்தான் போகுது.”