நூறு சதவீதக் கம்பளி

பின்திரை என்பது ஒரு நாகரிகத்தின் மனசாட்சி. இது புகைப்படக் கலைஞன் நெவில் ட்ராஸ்க்கின் கொள்கை. செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்த மனசாட்சியைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தபோது அதில் பதினேழு ஓட்டைகள் இருந்தன.

"அந்துப்பூச்சி," என்றாள் மனைவி க்ளெனிஸ். "பீரோவுல ரெண்டு அந்துருண்டை போடுன்னு அன்னைக்கே சொன்னேன்."

"கலைக்கூடத்துல அந்துருண்டை நாத்தமா?"

கலைக்கூடம் என்று அவன் சொன்னது, கூராபிங் ஊரின் கடைத்தெருவில் இறைச்சிக் கடைக்கும் டிராக்டர் உதிரிபாகக் கடைக்கும் நடுவில் இருந்த ஸ்டூடியோவை. பாஸ்போர்ட் படங்களும் ஆடு மேய்க்கும் நாய்களின் படங்களுமே இதுவரை அங்கே வளர்ந்த கலை.

இன்று பதினோரு மணிக்கு க்ளிஃப் ஹார்கிரேவ் வருகிறார். கம்பளி உற்பத்தியாளர் சங்கத் தலைவர். சங்கத்தின் நூற்றாண்டுக்காக மண்டபத்தில் அவர் படத்தை மாட்டப் போகிறார்கள். அது அவருக்குப் பிடித்துவிட்டால் செயற்குழுவின் இருபத்திரண்டு பேரும் நெவிலிடம் வருவார்கள். பிடிக்காவிட்டால் பக்கத்து ஊர்க்காரனிடம் போவார்கள். வெறும் சுவர் முன்னால் ஆளை நிறுத்திப் படம் எடுக்கும் அற்பன் அவன். தலைவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: பின்னால் தொங்குவது அசல் கம்பளியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டரை அவர் 'பிளாஸ்டிக் துரோகம்' என்பார். வருடத்துக்கு நாற்பது கூட்டங்களில் என்பார்.

நெவில் மூன்று வாரம் துணி தேடினான். வெல்வெட்டில் ஆழம் போதவில்லை. காகிதத்துக்கு ஆன்மா இல்லை. கேன்வாஸைப் பார்த்தால் கூடாரம் ஞாபகம் வந்தது. கடைசியில் நான்கு மீட்டர் சாம்பல் நிறக் கம்பளியைக் கண்டுபிடித்து, அதைத் தடவித் தடவிக் கண் கலங்கினான். பூச்சிகளுக்கும் அதே ரசனை.

"வெந்நீர்ல போட்டா கம்பளி உப்பும். ஓட்டை தானா அடைஞ்சுக்கும்," என்றான்.

"சுருங்கிடும் நெவில்."

"கம்பளி நாட்டுல பொறந்தவனுக்கே கம்பளிப் பாடமா?"

அரை மணி நேரம் வாஷிங் மெஷின் குலுங்கியது. ஓட்டைகள் அடைபட்டுவிட்டன, அதில் பொய்யில்லை. நான்கு மீட்டர் துணி ஒன்றேகால் மீட்டராகி, நனைந்த ஆட்டு வாடையோடு பலகைபோல விறைத்துக்கொண்டு வெளியே வந்தது.

"நாய்க்குப் போர்த்தலாம்," என்றாள் க்ளெனிஸ். "சின்ன நாயா இருந்தா."

"ஈரத்தோட இழுத்தா நீளும். இது உயிருள்ள நார்!"

ஒரு முனையை ஸ்டூடியோக் கதவின் கைப்பிடியிலும் மறுமுனையை வண்டியின் பின்கொக்கியிலும் கட்டினான். வண்டியை மெல்ல நகர்த்தினான். உயிருள்ள நார் அசையவில்லை. கொஞ்சம் அழுத்தினான். கதவு வந்தது.

இறைச்சிக் கடை மெர்வ் கத்தியும் கையுமாக வெளியே வந்து பார்த்தான். "என்னப்பா நெவில், கடையைக் காலி பண்றியா? கதவை மட்டும் ஏன் இழுக்கற, கூரையையும் சேர்த்துக் கட்டிக்கோ!"

கதவில்லாத வாசல் வழியாகச் செம்புழுதி நுழைந்தது. பின்னாலேயே ஈக்கள் குடும்பத்தோடு வந்தன. மணி பத்து நாற்பது.

க்ளெனிஸ் எதிரே இருந்த மலிவுக் கடைக்குப் போனாள். ஐந்து நிமிடத்தில் ஒரு சாம்பல் நிற மேசை விரிப்போடு திரும்பினாள். 'நூறு சதவீதம் பாலியெஸ்டர், துவைத்தால் சுருங்காது' என்று அதன் ஓரத்தில் சீட்டு தைத்திருந்தது.

"இதைத் தொங்கவிடறதுக்கு நான் தொங்கிடலாம்!"

"கம்பி ஒண்ணுதான் இருக்கு. சீக்கிரம் முடிவு பண்ணு."

விரிப்பு தொங்கியது. சீட்டை ஒரு பூந்தொட்டி மறைத்தது.

வெளியே நாற்பது டிகிரி வெயில். ஹார்கிரேவ் முழுக்கோட்டில் வந்திறங்கினார். அவர் மனைவி பெரில் பின்னாலேயே வந்து, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள்.

"கதவு எங்கய்யா?"

"கலைக்குக் கதவு கிடையாதுங்க சார்."

தலைவருக்கு அது பிடித்திருந்தது. பின்திரையை நெருங்கி, அதன் விளிம்பை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார். கண்ணை மூடினார். நெவிலும் மூடினான்.

"மெரினோ ஆட்டுக் கம்பளி!" என்றார். "அம்பது வருஷத்து விரல் இது, பொய் சொல்லாது. இந்த ஆட்டோட ஆத்தா பேரைக்கூடச் சொல்லிடுவேன்."

"நம்ம ஊர் ஆடுதான் சார். நானே நேர்ல போய்ப் பார்த்துத்தான் எடுத்தேன்."

க்ளெனிஸுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

தலைவர் போய் நின்றார். விரிப்பு நிலைமின்சாரத்தில் படபடவென்று பொரிந்து, ஆசையோடு அவர் முதுகில் ஒட்டிக்கொண்டது. நெவில் பிய்த்துவிட்டான். மறுபடி ஒட்டியது.

"விடுய்யா," என்றார் தலைவர் பெருமையாக. "என் கோட்டும் கம்பளி, இதுவும் கம்பளி. சொந்தம் சொந்தத்தைத் தேடுது!"

படங்கள் எடுத்தாயிற்று. "இருபத்திரண்டு பேரையும் உன்கிட்டயே அனுப்பறேன்," என்றார் தலைவர். பின்னால் தொங்குவது கம்பளிதான் என்று அந்த நிமிடம் நெவிலே நம்பிவிட்டான்.

"கடைசியா ஒண்ணு," தலைவர் பையிலிருந்து லைட்டரை எடுத்தார். "மேடையில துண்டுத் துணி வச்சு நான் செய்யற சோதனை. பாலியெஸ்டர்னா குபீர்னு பத்தி உருகி ஒழுகும். அசல் கம்பளின்னா லேசா கருகி அணைஞ்சுடும். இந்தத் திரையோட ஓரத்தை நான் பத்தவைக்கறேன், நீ படம் எடு!"

விரிப்பு அவர் முதுகோடு ஒட்டியிருந்தது. க்ளெனிஸ் ஒரு தண்ணீர் வாளியைக் கையில் எடுத்தாள். லைட்டர் 'க்ளிக்' என்றது.

அதுவரை வாயே திறக்காத பெரில் எழுந்து வந்து, சுடரை ஊதி அணைத்து, லைட்டரைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"எட்ட நில்லு, க்ளிஃப். இந்த விரிப்புதான் நம்ம சாப்பாட்டு மேசையிலயும் கிடக்கு. உன் கோட்டையும் அதே எதிர்க்கடையிலதான் வாங்கினேன். கம்பளி பட்டாதான் உனக்கு உடம்பெல்லாம் தடிச்சுப்போகுதே."