என் மகளைப் போலி என்று கண்டுபிடித்த நாள்

பெற்ற பிள்ளை போனில் அழுதால் தாய்க்கு அடிவயிறு கலங்கும் என்பார்கள். எனக்குக் கலங்கவில்லை. எனக்கு வந்தது பெருமை. (ஆமாம், பெருமைதான். எழுதக் கை கூசுகிறது. என்ன செய்ய, நடந்தது அதுதான்.)

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வீடு ராஜபாளையத்தில். காலையில் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் பஸ்ஸில் திரும்புகிறவள். வருடக்கணக்காக விடைத்தாள் திருத்தித் திருத்தி, எதைப் பார்த்தாலும் முதலில் தப்புதான் கண்ணில் படும். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் இணைய மோசடி விழிப்புணர்வு வகுப்பில் உட்கார வைத்தார்கள்.

வகுப்பெடுக்க வந்த தம்பி நன்றாகத்தான் பேசினான். "செத்த நேரம் பேசின குரல் கெடச்சாப் போதும் டீச்சர். உங்க பிள்ளை மாதிரியே பேசும், அழும், இருமும்" என்றான். மூன்று அடையாளங்களைச் சொன்னான். தெரியாத நம்பர், அழுகை, 'அப்பாகிட்ட சொல்லாத' என்கிற கெஞ்சல். மூன்றும் சேர்ந்து வந்தால் உஷாராகிவிட வேண்டும். குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்டு மடக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் குறிப்பெடுத்துச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன். வீட்டுக்கு வந்து என் கணவருக்கு அதே பாடத்தை மறுபடி எடுத்தேன். அவர் மில்லில் சூப்பர்வைசர். அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒன் குரல எந்த மிஷினும் செய்யாதுட்டி. வெடிச்சுல்லா போகும்" என்றார்.

எங்களுக்கு ஒரே மகள், ஜெபா. சென்னையில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. அந்த நாட்களில் ஒருமுறை ஊருக்கு வந்திருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "நாங்க பாக்க வேலைய இப்ப அந்த ஏஐக்குச் சொல்லிக் குடுக்கோம்மா. அது தப்புப் பண்ணுனா நாங்கதான் திருத்தணும்."

"நல்லதுதானே? சொல்லிக் குடுக்கவங்களுக்கு என்னைக்கும் வேலை போகாதுட்டி. என்னையப் பாரு" என்றேன்.

அவள் தட்டை நீட்டினாள். இன்னொரு தோசை கேட்டாள். சட்னி காரத்தில்தான் முகம் சுருங்கியிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. கடைசி பீரியடுக்கு மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. ஆசிரியர் அறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா..." என்றது குரல். அதற்குமேல் பேச்சு வரவில்லை. அழுகை.

முதல் அடையாளம், இரண்டாவது அடையாளம் என்று மனம் எண்ண ஆரம்பித்துவிட்டது. வாயில் விரலை வைத்து அறையை அமைதியாக்கி, போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தேன். எல்லாரும் கற்றுக்கொள்ளட்டுமே என்ற பரந்த மனசு.

"யார் பேசுறது?"

"நான்தாம்மா, ஜெபா."

"எந்த ஜெபா?"

"அம்மா, வெளையாடாத. நான் கம்பெனி வாசல்ல நிக்கேன். அப்பாகிட்ட இப்ப சொல்லாத என்ன..."

மூன்றாவது. நான் மேஜையைச் சுற்றிப் பார்த்து மூன்று விரலைக் காட்டினேன். பக்கத்தில் இருந்த தமிழாசிரியை பாத்திமா மட்டும் என் கையைப் பிடித்து, "டீச்சர், நெசமாவே அழுத மாதிரில்லா இருக்கு" என்றாள். "அதுதான் அவங்க டெக்னிக்" என்றேன், அந்தத் தம்பியின் தொனியிலேயே.

இனி கேள்வி. எங்கள் சர்ச்சில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அந்த வருடத்துக்கென்று கடவுள் அவரவருக்குக் கொடுத்த வசனம் அதில் இருக்கும். பயபக்தியோடு வாங்கி பைபிளுக்குள் வைப்போம். பொங்கலுக்குள் மறந்துவிடுவோம். ஆனாலும் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த விஷயம் அதைவிட வேறு என்ன இருக்கிறது?

"இந்த வருஷம் ஒனக்குக் கெடச்ச வாக்குத்தத்தம் என்ன? சொல்லு பாப்போம்."

"என்னம்மா கேக்க? எனக்கு... ஞாபகம் இல்லம்மா."

"என் பிள்ளை மறக்க மாட்டா" என்றேன். (என்னுடைய வாக்குத்தத்தம் என்ன என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் நானும் போலிதான்.) அதோடு நிறுத்தியிருக்கலாம். அறை முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் நாக்கு நிற்கவில்லை. "நல்லாத்தான் அழுதுருக்க. ஆனா எம் பொண்ணு கை ஒடிஞ்சப்பகூட அழாதவ. போயி வேற ஆளப் பாரு."

அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது. "சரிம்மா" என்றது குரல். போன் கட்டானது.

கைதட்டினார்கள். தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்துப் பாராட்டினார். நான் ஜெபாவின் வழக்கமான நம்பருக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். மீட்டிங்கில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பாத்திமா மட்டும், "இன்னொரு தடவ அடிச்சுப் பாருங்க டீச்சர்" என்றாள். அதற்கு நேரமில்லை. எங்கள் சர்ச் பெண்கள் குழுவுக்கு அந்த நம்பரையும் போட்டு எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருந்தேன். என் மகள் குரலில் ஒரு கும்பல் பேசுகிறது, யாரும் ஏமாற வேண்டாம். அது பக்கத்து ஊர் செட்டியார்பட்டி வரைக்கும் போய்விட்டது. சும்மா விடுவார்களா நம்ம பெண்கள்? கூப்பிட்டுக் கூப்பிட்டு நாண்டுக்கிட்டுச் சாவச் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் பால் வாங்கிவிட்டு உள்ளே திரும்பும்போது வாசலில் ஆட்டோ நின்றது. ஜெபா இறங்கினாள். ஒரு தோள்பை, ஒரு அட்டைப்பெட்டி. முகத்தில் ரயில் தூசி. படியேறாமல் கீழேயே நின்றாள்.

"இன்னும் கேள்வி இருக்காம்மா? இல்ல, உள்ள வரலாமா?"

பால் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு, கீழே இறங்கி அட்டைப்பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

பொறவுதான் எல்லாம் தெரிந்தது. அந்த மத்தியானம் அவள் குழுவில் பாதிப் பேரை ஓர் அறைக்குக் கூப்பிட்டு, இனி இந்த வேலைக்கு இத்தனை ஆள் தேவையில்லை என்றிருக்கிறார்கள். கம்ப்யூட்டரையும் போனையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். போனும் நம்பரும் கம்பெனி கொடுத்தது. இரண்டு நம்பர் எதற்கு, பழையதை விட்டுரு என்று சொன்ன புத்திசாலி நான்தான். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என் நம்பர் ஒன்றுதான். வாசல் செக்யூரிட்டியிடம் போனை வாங்கி என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

என் கணவர் அந்த செக்யூரிட்டியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். நாற்பது பேரிடம் ஏச்சு வாங்கியிருந்த அந்த மனிதர், "அது பரவால்ல சார். பாப்பா பத்திரமா வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். நான் கேட்டிருக்க வேண்டியதை, ஊர் பேர் தெரியாத ஒருவர் கேட்டார்.

போன் கட்டானது நாலு மணிக்கு முன்னால். ரயில் ராத்திரி. நடுவில் அத்தனை நேரம் எங்கே இருந்தாய் என்று கேட்டேன். "எக்மோர் பிளாட்பாரத்துல உக்காந்துருந்தேம்மா" என்றாள். ரயில்கள் வந்து வந்து போகிற இடத்தில், பெற்றவளே நீ என் மகள் இல்லை என்று சொன்ன பிறகு, என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. இப்போதும் சமையல்கட்டில் நின்றபடியே சில நேரம் கை நின்றுவிடுகிறது.

ஒன்று மட்டும் யோசித்துப் பார்க்கிறேன். இயந்திரமாக இருந்திருந்தால் ஏதாவதொரு வசனத்தை அதிகாரத்தோடு, எண்ணோடு, கணீரென்று சொல்லியிருக்கும். மறந்துபோனதுதான் அவள் என் பிள்ளை என்பதற்குச் சாட்சி. அறிவியல் டீச்சருக்கு அது எட்டவில்லை.

ஜெபாவுக்கு இன்னும் வேலை அமையவில்லை. முன்னறையில் உட்கார்ந்து நேர்முகத் தேர்வுகளுக்குப் பதில் சொல்கிறாள். இப்போது முதல் சுற்றில் கேள்வி கேட்பதே ஏஐதானாம். போன வாரம் ஒன்றை முடித்துவிட்டு வந்து, "அம்மா, நான் தெணறுனப்ப 'பரவாயில்லை, நிதானமாகச் சொல்லுங்கள்'னு சொல்லிச்சும்மா. ஒன்னய விட அது எம்புட்டோ தேவல" என்றாள். அவள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

என் கணவர் மில்லிலிருந்து கூப்பிட்டால், "வீட்டுக்காரன் பேசுதேன், அசல்தான், சோறு வடிச்சாச்சா?" என்றுதான் ஆரம்பிக்கிறார். சொந்தக்காரர்கள் கூடினால் ஜெபாதான் அந்தக் கதையைச் சொல்வாள். என் குரலில் 'எந்த ஜெபா?' என்பாள். மூன்று விரலைக் காட்டுவாள். செக்யூரிட்டிக்கு விழுந்த ஏச்சை ஒவ்வொருவர் குரலிலும் செய்து காட்டுவாள். வீடே உருண்டு புரண்டு சிரிக்கும்.

அவள் சொல்லும் கதையில் அவள் அழவே இல்லை. எதிலும் தப்புக் கண்டுபிடிக்கிற நான், அதை மட்டும் திருத்துவதில்லை.