சி எழுத்துப் பெட்டி

கம்ப்யூட்டர் திரையில் "மெதுவாக" என்ற சொல் சி எழுத்துப் பெட்டியின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கேப்ரியல் அதை மவுஸால் பிடித்து மேலே தள்ளினார். அது போய்ப் பாட்டின் தலைப்பில் முட்டிக்கொண்டது.

"தோசை ஆறுது, வாங்களேன்," என்றாள் மனைவி ஜோசலின்.

"இரு லா. இந்தச் சொல்ல ஒரு இடத்துல உக்கார வச்சிட்டு வரேன்."

பகலில் சுங்கை காடுட் தொழிற்சாலையில் வேலை. மாலையில் மம்பாவ் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவர். திருவிழாப் பூசைக்காக முதன்முறையாகத் தாமே ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். அதைக் கம்ப்யூட்டரில் நோட்டு நோட்டாக எழுதி, ஒத்திகையில் "இங்கேருந்து பாடுங்க" என்று காட்டுவதற்காக ஏ, பி, சி என்று பெட்டிகளும் போட்டிருந்தார். "தடுமாறினா அடுத்த தடவ பழைய பாட்டே பாடிக்கலாம் கேப்ரியல்," என்று பாதர் அன்பாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து மனுஷன் ராத்திரியெல்லாம் அந்தப் பாட்டுத்தாளோடுதான்.

சொற்கள் தாமாக விலகிக்கொள்ளும் வசதியால்தான் தொல்லை என்று நினைத்து அதை அணைத்தார். எல்லாச் சொற்களும் பொத்தென்று நோட்டுகள்மேல் விழுந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வைத்தார். சிப் பெட்டியைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினார். அது பக்கத்துத் தாளக் கட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை.

ஒத்திகையில் ஜோசலின் ஆர்கன் வாசித்தாள். எல்லாரும் தாளுக்குள் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். முன்வரிசையில் டோரின் லொக்கென்று இருமினாள். குழு மொத்தமும் ஒரு கட்டம் தள்ளிப் பாட்டுக்குள் புகுந்தது.

"லேட்டாயிருச்சே," என்றார் கேப்ரியல்.

"பேப்பர்ல சி அங்கதான்ணே இருக்கு," என்றாள் டோரின்.

பார்த்தார். அங்கேதான் இருந்தது. வெட்கமாக இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. "என் கையக்கூடப் பாக்காம, எழுத்துக்கு எழுத்துப் படிக்குதுங்க பாத்தியா?" என்று மனைவியின் காதில் சொன்னார். ஜோசலின் ஆர்கன் மூடியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அடுத்த ஒத்திகைக்குப் பெட்டியை இடப்பக்கம் இழுத்தார். அது இரண்டு கட்டம் முன்னால் போய்விட்டது. டோரின் இருமினாள். ஆர்கன் பாதியில் இருக்கும்போதே எல்லாரும் கோரஸாகப் பாய்ந்தார்கள்.

ஒரு வழியாகச் சொல் மேலே, பெட்டி கீழே, தலைப்பு தனியே என்று எல்லாம் அமைந்தது. தாள் பார்க்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. இனி ஒரே குறை, சரியாகச் சி வருகிற நேரத்தில் வரும் அந்த இருமல்தான்.

"டாக்டருகிட்டக் காட்டினியா டோரின்?"

"அது வந்துண்ணே..."

"பேசாத, தொண்ட கெட்டுரும்," என்று இஞ்சித் தேனை ஊட்டாத குறையாகக் குடிக்க வைத்தார்.

திருவிழா அன்று அவள் கையில் மிட்டாய்ப் பொட்டலத்தைத் திணித்தார். "இன்னிக்கு ஒரு இருமல் வரக்கூடாதும்மா. கையெடுத்துக் கும்பிடுறேன்."

டோரின் பின்வரிசைக் கிளெனைத் திரும்பிப் பார்த்தாள். கிளென் மேலே சுற்றும் காத்தாடியைப் பார்த்தான்.

பாட்டு அழகாகப் போனது. இடை இசை முடிந்து சி வந்தது. கேப்ரியல் கையை உயர்த்தினார்.

ஒரு வாயும் திறக்கவில்லை.

ஜோசலின் சமாளித்து இடை இசையை மறுபடி வாசித்தாள். கை மறுபடி உயர்ந்தது. தாளுக்குள் கவிழ்ந்த தலைகள் கவிழ்ந்தபடியே இருந்தன. டோரின் அவர் சொல்லைத் தட்டாமல், கன்னத்தில் மிட்டாயோடு உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். பாதர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கேப்ரியலுக்குத் தொண்டை வறண்டது. அடக்கிப் பார்த்தும் முடியாமல் லொக்கென்று இருமினார்.

குழு மொத்தமும் ஒரே குரலாகப் பாட ஆரம்பித்தது. ஒத்திகையில்கூட அவ்வளவு இனிமையாகப் பாடியதில்லை.

"நல்லாருந்துச்சு. கிறிஸ்மஸுக்கும் ஒண்ணு கட்டிருங்க," என்று பாதர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பந்தலில் சாப்பிடும்போதும் கேப்ரியலுக்கு மனம் ஆறவில்லை. "பெட்டி சரியான எடத்துலதானேடா இருந்துச்சு? அப்புறம் ஏன் யாரும் பாடல?"

கிளென் கோழி எலும்பைக் கீழே வைத்தான். "நீங்க ஆச ஆசையா பேப்பர் அடிச்சிக் கொண்டாறீங்க, எப்படிண்ணே சொல்றது? எங்கள்ல நோட்டு படிக்கத் தெரிஞ்சது டோரின் அக்கா மட்டுந்தான். சி வந்தா அவங்க இருமுவாங்க, நாங்க பாடுவோம்."