தட்டைத்தலையனோடு பொருத படலம்

வாழி! விரிப்பு மடிக்கும் விரலோன் வாழி! நீராவி கக்கும் நெடும்பேர்ச் சலவை உருளையின் வாயெதிரே நாளெல்லாம் நின்றும் வேகாத தோலன், விடுதிகள் அனுப்பும் வெள்ளைத் துணிக் குன்றுகளை அந்திக்குள் தட்டையாக்கித் தள்ளும் தடந்தோளன், கடைக்காரன் தராசையும் கைப்பேசி சொல்லும் மழையையும் டாக்டர் எழுதும் மாத்திரையையும் ஒருபோதும் நம்பாத நெஞ்சன், வாழி வாழி! இவ்வளவு பெரிய வீரன் யார் என்று கேட்பீர்கள். நான்தான். பாடுவதற்கு வேறு ஆளை வைத்தால் நாலு வரி புகழ்ந்துவிட்டு ஐந்தாவது வரியில் காலை வாரிவிடுவான். அதனால் என் புகழை நானே பாடவேண்டியிருக்கிறது. ஆனால் காவியத்தில் வீரன் ‘நான், நான்’ என்று பேசினால் நன்றாக இருக்காது. ‘அவன்’ என்றே போவோம்.

தெய்வ வணக்கம் செய்யவில்லை. எந்தத் தெய்வத்தைக் கூப்பிட்டாலும் பிடிக்கிற மீனில் பங்கு கேட்கும். கடலையும் வாழ்த்தவில்லை. எதிரிக்குக் குடியிருக்க இடம் கொடுத்தவளை எவன் வாழ்த்துவான்?

போர் மூண்ட காரணம் கேளுங்கள். அன்று விடியலில், அறுந்து தொங்கும் துணிக்கொடியின் அடியில், கரண்டியையே செங்கோலாய் ஏந்திய இல்லத்தரசி தன் ஆணையை முழங்கினாள்:

“இங்க பாருங்க. கொடி அறுந்து எத்தனை நாளாச்சு? நீங்களும் அந்தத் தூண்டில் கம்பைத் தூக்கிக்கிட்டுப் போறீங்க, வர்றீங்க, ஒரு மீனைக் கண்ணுல காட்டல. இன்னைக்கும் வெறுங்கையோட வந்தீங்கன்னா அந்தக் கம்பு எனக்கு. ரெண்டு சுவத்துக்கும் குறுக்கால வச்சுத் துணி காயப்போட்டுருவேன். உங்க சகலைகிட்ட ஒண்ணு வாங்கிட்டு வந்து ஏமாத்தலாம்னு நினைக்காதீங்க. என் தங்கச்சி ராத்திரியே போன் பண்ணிச் சொல்லிருவா.”

துணி! அந்தச் சொல் வேல்போல் பாய்ந்தது வீரன் மார்பில். காலையில் துணி, நண்பகலில் துணி, கனவிலும் துணி என்று காலம் தள்ளுகிறவனுக்கு, துணி வாடையில்லாத பொழுது என்று ஒன்று உண்டென்றால் அது வேலை முடிந்து கடலோரத்தில் கம்பை ஊன்றி நிற்கும் அந்த ஒரு பொழுதுதான். அந்தக் கம்பிலா துணி?

இன்னொரு துயரமும் உண்டு. உருளை துப்பும் விரிப்பின் இரண்டு மூலையை இவன் பிடிக்க, மற்ற இரண்டு மூலையை எதிரே நிற்பவள் பிடிப்பாள். வயதில் இவனுக்குப் பாதி, குரலில் இரண்டு மடங்கு. விரிப்பு சுருக்கமில்லாமல் விறைத்து நிற்க, இவன்தான் பின்னால் நகரவேண்டும். “பின்னாடி போங்க பெரியவரே! இன்னும் பின்னாடி!” என்று அவள் போடும் சத்தத்தில் நீராவியே ஒரு கணம் நின்று பார்க்கும். இப்படி அவன் பின்னால் நடந்த தூரத்தையெல்லாம் சேர்த்திருந்தால் பிறந்த ஊருக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்திருப்பான். ஆகவே வீரன் ஒரு சபதம் பூண்டிருந்தான்: வேலைக்கூடத்தின் வாசலைத் தாண்டியபின் எவனுக்காகவும் எவளுக்காகவும் ஓரடியும் பின்வைப்பதில்லை. பேருந்தில் கண்டக்டர் சொன்னாலும் நகரமாட்டான். திட்டு வாங்குவான், நகரமாட்டான்.

அந்தி சிவந்தது. முழங்கால்வரை சுருட்டிய கால்சட்டையே கவசமாக, கம்பே காண்டீபமாக, காலி வாளியே முரசமாக, கடைக்காரன் புதுசு என்று சத்தியம் செய்த இறாலை ஒவ்வொன்றாய் மோந்து பார்த்து எடுத்துக்கொண்டு, மணல் தெறிக்க நடந்து களம் புகுந்தான் வீரன். அங்கே அவனுக்கு முன்பே நின்றிருந்தான் சகலை. லாரி ஓட்டுபவன், கண்ணாடியில் பின்பக்கம் பார்க்காமல் ஓரடி எடுத்துவைக்காதவன். அவன் வாளியில் ஏற்கெனவே இரண்டு வால்கள் அடித்துக்கொண்டிருந்தன.

இனிப் பகைவனின் பெருமை கேளுங்கள். யானை ஒன்று மிதித்துவிட்டு மன்னிப்புக்கூடக் கேட்காமல் போனதுபோல் நசுங்கிய தலையன். மணலையே போர்வையாய்ப் போர்த்து, கண் இரண்டை மட்டும் வெளியே வைத்து, இரை தானாக வரட்டும் என்று படுத்திருக்கும் பெருஞ்சோம்பேறி. கன்னத்தில் முள்ளை ஒளித்துவைத்த கள்ளன். தட்டைத்தலையன் என்னும் பெயரோன். இந்த மீன் சலவை உருளைக்குள் போய் மறுபக்கம் வந்தது என்று சொன்னால் கூடத்தில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

சகலை வாய் திறந்தான். “அண்ணே, தூரமா வீசாதீங்க. அவன் இந்தா, காலடிப் பள்ளத்துலதான் கிடப்பான். மாட்டினான்னா கம்பை வெட்டி இழுக்காதீங்க. தூண்டில் நரம்பை விறைப்பா வச்சுக்கிட்டு அப்படியே பின்னாடி நடங்க. அலையே அவனைக் கொண்டாந்து மணல்ல போட்டுரும்.”

நம்பலாமா? வீடு மாறிய நாளில், அலமாரியின் இலேசான பக்கம் இதுதான் அண்ணே என்று கனமான பக்கத்தைக் கையில் கொடுத்தவன் இவன்தானே! பக்கத்தில் கிடக்கிறான் என்று சொல்கிறானா, அப்படியானால் எதிரி தூரத்தில் இருக்கிறான் என்று கணக்குப் போட்டான் மதியூகி. போட்டு, இடியென முழங்கி, மின்னலென வளைத்து, அடிவானத்தையே துளைப்பதுபோல் வீசினான். பாசி வந்தது. மீண்டும் வீசினான். இன்னும் நல்ல பாசியாக வந்தது. மறுபடியும் வீசினான், ஒரு பழைய செருப்பு வந்தது. இடதுகால். சகலை கடலைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினான். அடக்கியது முதுகில் தெரிந்தது.

வெகுண்டெழுந்த வீரன் மறுபடி ஓங்கியபோது, இரைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அடிக்கடி சுருட்டிச் சுருட்டிப் பார்த்ததால் சிக்குண்ட நரம்பு பாதியில் நின்றுபோக, ஈயக்குண்டு அடிவானம் போகாமல் ஆறேழு முழம் தள்ளி, சகலை காட்டிய அதே பள்ளத்தில் தொப்பென்று விழுந்தது.

ஆகா! அக்கணமே பூமி அசைந்தது! கம்பு வில்லாய் வளைந்தது, நரம்பு யாழாய் முரன்றது, மணலுக்கு அடியிலிருந்து பேரரசன் ஒருவன் தூக்கம் கலைந்து சினந்து எழுந்ததுபோல் நீர் கலங்கிச் செம்பழுப்பாய்ப் பொங்கியது! அவன் இழுக்க இவன் இழுக்க, இவன் சுருட்ட அவன் பறிக்க, வானவர் கண்ணிமைக்க மறந்து நிற்க (கடலோரம் நாயோடு நடந்த ஒரு அம்மாளும் நின்றாள்), கடைசியில் ஓர் அலை வடிந்தபோது, கணுக்கால் ஆழ நீரில், முழங்கை நீளத்துக்கு, நசுங்கிய தலையும் ஒடுங்கிய உடம்புமாய் வெளிப்பட்டான் பகைவன். இரண்டே எட்டுத் தொலைவு. குழம்பு கொதிக்கும் வாசனையே வந்துவிட்டது வீரன் மூக்குக்கு. கம்பு பிழைத்தது என்று நெஞ்சு துள்ளியது.

அப்போது எழுந்தது அந்தக் குரல்:

“பின்னாடி போங்கண்ணே! பின்னாடி! இன்னும் பின்னாடி!”

ஐயகோ, எந்தச் சொல்லைக் கேட்கக்கூடாதென்று கடற்கரைக்கு வந்தானோ அந்தச் சொல்! நீராவியும் உருளையும் எதிர்மூலைக்காரியும் அலைமேல் எழுந்து நின்று ஒருசேரக் கத்தியதுபோல் இருந்தது. பகலெல்லாம் ஒரு துணிக்காகப் பின்னால் நடக்கிறவன், ஒரு மீனுக்காகவும் நடப்பதா?

“நான் பின்னாடி போறவன் இல்லடா!” என்று கடல் அதிர முழங்கி, மதயானை மூங்கில் காட்டுக்குள் புகுவதுபோல் முன்னோக்கிப் பாய்ந்தான்.

விறைத்திருந்த நரம்பு தொய்ந்தது. தட்டைத்தலையன் அந்தப் பெரிய வாயைத் திறந்து, கல்யாணத் தரகர் சொன்ன வரனை வேண்டாம் என்கிற மாதிரி, தலையை இடமும் வலமுமாக நிதானமாய் ஆட்டினான். கொக்கி கழன்றது. அடுத்த அலை வந்தது. வீரன் அந்த அலைக்குள் உட்கார்ந்தான், தானாக அல்ல. பகைவன் அவன் தொடையை உரசிக்கொண்டு, விடைபெறுகிறவன்போல், ஆழத்துக்குப் போனான். அலை வடிந்தபின் கொக்கியைத் தேடினால், அது வீரனின் கால்சட்டையிலேயே மாட்டியிருந்தது. அன்றைக்கும் பிடித்தது துணிதான்.

சகலை சிரிக்கவில்லை. அதுதான் பொறுக்கமுடியாதது. வாளியிலிருந்து பெரியதை எடுத்து நீட்டினான். “இந்தாங்கண்ணே. நான் வாயே திறக்கமாட்டேன்.”

வாய் திறக்கமாட்டான், சரி. அவன் பெண்டாட்டி? வீரன் கையை நீட்டினான், மடக்கினான், மறுபடி நீட்டித் தன் காலி வாளியை மட்டும் எடுத்துக்கொண்டான். “வேண்டாம்டா. அவன் என் மீன் இல்ல” என்று தோற்ற அரசர்களுக்கே உரிய குரலில் மொழிந்து, உப்புநீர் சொட்டச் சொட்ட நகரம் மீண்டான்.

அரண்மனையில் அடுப்பின்மேல் முட்டை வெந்துகொண்டிருந்தது. மீனுக்குக் காத்திராமல் முன்பே வைத்துவிட்டாள் இல்லத்தரசி. அவளுக்கும் யார்மேலும் நம்பிக்கை கிடையாது. அவன் கையைப் பார்த்தாள், கால்சட்டையைப் பார்த்தாள், கம்பை வாங்கிக்கொண்டாள். படைக்கலம் பறிகொடுத்த பெருவீரன் இரண்டு முட்டை தின்றான். மூன்றாவது கேட்கத் துணிவில்லை.

மறுநாள் காலை அந்தக் கம்பில் போர்வையைப் போடும்போது, ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னாடி போங்க என்றாள், போனேன்.