வேட்டிக்குள் போன பந்து

கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கக் கிரிக்கெட் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஐம்பதுகளின் கடைசியில், ஸ்ரீரங்கத்தில், இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தால் போதும்.

நான் அப்படித்தான் கிரிக்கெட் மாஸ்டர் ஆனேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, “நீர் இங்கிலீஷ் எடுக்கிறீர். கிரிக்கெட் இங்கிலீஷ்காரன் ஆட்டம். நீரே பார்த்துக்கொள்ளும்” என்றார். இந்தத் தர்க்கத்தில் எங்கே ஓட்டை என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மட்டையைக் கையில் திணித்துவிட்டார். (அதை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்று கேட்க வெட்கமாக இருந்தது.)

பள்ளி நூலகத்தில் கிரிக்கெட் பற்றி ஒரு புத்தகம் இருந்தது. உறையூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு விறகுக் கட்டையை வைத்துக்கொண்டு, “இடது முழங்கை மேலே, தலை நேரே” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பழகுவேன். மறுநாள் ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறிப் போய் அதையே பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். மாணவர்களைவிட நான் எப்போதும் ஒரே ஒரு பக்கம்தான் முன்னால் இருந்தேன்.

பையன்கள் தங்கமான பையன்கள். கேப்டன் ரங்கராஜன் வடக்குச் சித்திரை வீதிக்காரன், ஒல்லிக்குச்சி. ஆனால் பந்தை அடித்தால் சத்தமே வேறு மாதிரி கேட்கும். அவன் நான் சொன்னதையெல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அதற்கு நேர்மாறாக ஆடுவான். அதனால் நன்றாக ஆடினான்.

கொள்ளிடக் கரை மணலில்தான் எங்கள் பயிற்சி. மணலில் விழுந்த பந்து எழும்பாது, படுத்துவிடும். எல்லா ஊரிலும் பந்து இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று நான் நம்பியிருந்தேன்.

ஒருநாள் ஹெட்மாஸ்டர் கெடு வைத்தார். “இதுவரை ஒரு மேட்ச்கூட ஜெயிக்கலை. பொன்மலைப் பசங்களோட ஒண்ணு ஆடுங்கோ. அதுலயும் தோத்தா, அந்த நேரத்துல கிராமர் கிளாஸ் வச்சுடலாம்.”

பையன்கள் முகம் செத்துப்போயிற்று. எனக்கும்தான். கிராமர் கிளாஸையும் நான்தானே எடுக்க வேண்டும்.

இந்தச் சமயம் பார்த்து என் பெரியப்பா ஒரு வரன் கொண்டுவந்தார். பெண்ணின் அப்பா பொன்மலையில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. “நீ சனிக்கிழமை அங்க பந்தாட்டத்துக்குப் போறியாமே. அவரும் சும்மா அந்தப் பக்கம் வந்து பையனைப் பார்த்துட்டுப் போறேன்னுட்டார்” என்றார் பெரியப்பா.

அம்மா உடனே, “பேன்ட்டெல்லாம் வேண்டாம்டா. லட்சணமா வேட்டி கட்டிட்டுப் போ” என்று, கஞ்சி போட்டு மொடமொடவென்றிருந்த புது வேட்டியை எடுத்துக் கொடுத்தாள். நான் ஆடப்போவதில்லையே, ஓரமாக நின்று கைதட்டத்தானே போகிறேன் என்று கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பொன்மலை மைதானத்தில் மணல் இல்லை. இறுகிய தரையில் கயிற்றுப் பாய் விரித்து ஆணி அடித்திருந்தார்கள். அதில் விழுந்த பந்து பாம்பு மாதிரி தலை தூக்கியது. எங்கள் பையன்கள் திகைத்தாலும் சுதாரித்துக்கொண்டார்கள். எதிர்க்கட்சியைச் சுமாரான ரன்னில் சுருட்டினார்கள். அதில் எங்கள் சம்பத்துக்குக் கட்டைவிரல் வீங்கி, மட்டை பிடிக்க முடியாமல் போனது.

எங்கள் ஆட்டத்தில் ரங்கராஜன் தனியாளாக நின்று அடித்தான். மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். கடைசியில் ஜெயிக்க நான்கு ரன் வேண்டும். ஆட ஆள் இல்லை.

அம்பயராக நின்றவர் பொன்மலைப் பள்ளியின் பீட்டர் மாஸ்டர். பெரிய மீசை, பெரிய மனசு. “சிநேக மேட்ச்தானே சார். அந்தப் பையனுக்குப் பதிலா நீங்க ஆடுங்க” என்றார்.

வேப்பமரத்தடியில் குடையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் பெண்ணின் அப்பா என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டாமல் காலில் பேட் கட்ட முடியாது. வருங்கால மாமனார் எதிரில் மடித்துக் கட்டினால் மரியாதை கெட்டுவிடும். கடைசியில் அவர் இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மடித்துக் கட்டினேன். (அவர் குழம்பிப்போய்த் திரும்பக் கும்பிட்டார்.)

மைதானத்துக்குள் போனேன். இடது முழங்கை மேலே, தலை நேரே. புத்தகத்தில் இருந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது, கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பதைத் தவிர.

பந்து பாயில் குத்தி எழும்பியது. மட்டையின் கைப்பிடியில் ஏதோ பட்டது. கண்ணைத் திறந்தேன். பந்தைக் காணவில்லை.

“ஓடுங்க சார்” என்று ரங்கராஜன் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தினான். ஓடினேன்.

“பந்து எங்கடா?” என்று பொன்மலைப் பையன்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் இரண்டாவது ரன் ஓடினோம். அப்போதுதான் மடித்துக் கட்டிய வேட்டியின் முன் மடிப்பில் தேங்காய் மாதிரி ஏதோ ஆடுவதை உணர்ந்தேன். அதே நேரத்தில் அவர்களுடைய விக்கெட் கீப்பரும் அதைக் கவனித்துவிட்டான்.

“டேய், சார் வேட்டிக்குள்ள இருக்குடா. பிடிடா.”

பந்து தரையில் படுவதற்குள் எதிராளி பிடித்துவிட்டால் அவுட். இது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே சட்டம். மட்டையைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் வேட்டி மடிப்பை அணைத்துக்கொண்டு மூன்றாவது ரன்னை ஓடினேன். விக்கெட் கீப்பர் துரத்தினான். அவன் பின்னால் இன்னும் நாலு பேர். பிறகு எல்லோரும். எதிர்ப் பக்கமும் வழி அடைபட்டதும், எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டால் நாலு ரன் கிடைத்துவிடும் என்று தோன்றிவிட்டது. ஆடுகளத்தை விட்டு விலகி, வேப்பமரத்தைப் பார்த்து ஓடினேன். பதினோரு பேரும் பின்னால்.

கோட்டைத் தாண்டிய இடத்தில் காலில் கட்டிய பேட் தடுக்கியது. குடைக்காரருக்கு நேர் எதிரே சாஷ்டாங்கமாக விழுந்தேன். பந்து வெளியே வந்து, உருண்டு, அவர் செருப்பில் முட்டி நின்றது.

அவர் குனிந்து எடுத்து, துடைத்து நீட்டினார். “உங்களுதுங்களா தம்பி?”

பீட்டர் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். அத்தனை நேரம் சிரித்திருக்கிறார். “துணிக்குள்ள போனதுமே அது செத்த பந்து சார். ரன்னும் கிடையாது, அவுட்டும் கிடையாது. வாங்க, மறுபடி ஆடுங்க.”

மறுபடி ஆடினேன். நடு ஸ்டம்ப் எங்கேயோ போய் விழுந்தது.

திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். பாலக்கரை தாண்டியதும் சம்பத் முதலில் ‘களுக்’கென்றான். காவிரிப் பாலம் வருவதற்குள் கண்டக்டர் உட்பட பஸ்ஸே சிரித்துக்கொண்டிருந்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். அதற்குள் ரங்கராஜன் பையன்களை அழைத்துக்கொண்டு அவரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். பீட்டர் மாஸ்டர் சனிக்கிழமைதோறும் தங்கள் பையன்களோடு சேர்ந்து பழக வரச் சொல்லியிருக்கிறாராம். எங்கள் சாருக்கு நல்ல மனம், ஆனால் ஆட்டம் தெரியாது, ஆகவே அனுமதி வேண்டும் என்று நின்றபடியே இங்கிலீஷில் பேசினானாம்.

“உம்மைப் பத்தி இத்தனை நேரம் பேசினான். ஒரு பிழை இல்லை” என்றார் ஹெட்மாஸ்டர். “இதுக்கு மேல இவாளுக்கு கிராமர் கிளாஸ் எதுக்கு? பொன்மலைக்கே போகட்டும்.”

மறு வருஷம் ரங்கராஜனின் அணி அதே பொன்மலையை அதே பாயில் தோற்கடித்தது. நான் ஓரமாக, பேன்ட் போட்டுக்கொண்டு, ஸ்கோர் எழுதினேன்.

வரன் போயே போயிற்று என்றுதான் வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். நான் விழுந்த பத்தாம் நாள் பெரியப்பா வந்தார். “அவருக்குப் பிடிச்சுப் போச்சாம்டா. அத்தனை பேர் துரத்தியும் மடியில இருந்ததை விடலையே, என் பொண்ணையும் விடமாட்டார்ங்கறார்.”

“எங்கப்பாவுக்குப் பதிலா நான் வந்து பார்த்திருக்கணும்” என்று கமலா இன்றைக்கும் சொல்வாள். எங்கள் வீட்டில் எந்தப் பொருள் காணாமல் போனாலும் யாரும் அலமாரியைத் தேடுவதில்லை. “முதல்ல அப்பா வேட்டியை உதறிப் பாருங்க” என்பான் மகன். இப்போது பேரன் பேத்திகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். போன வாரம் பீரோச் சாவியைக் காணோம் என்று வீடே அமளிப்பட்டபோதும் சின்னப் பேத்தி அதையேதான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும் வேட்டியை உதறிக் காட்டினேன்.

சாவி கீழே விழுந்தது.