மாப்பிள்ளை பிசைந்த பஞ்சாமிர்தம்

என் மாமனாரைக் கொல்லப் பார்த்தவன் நான். பஞ்சாமிர்தத்தால்.

யுத்த காலம். கல்யாணமான மூன்றாம் மாதம், ஆடி விருந்துக்கு ஆலங்குடி மாமனார் வீட்டுக்குப் போனேன். அதற்கு முந்தின நாள்தான் எனக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் நின்றிருந்தன. அம்மா உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்துத் தேற்றியிருந்தாள். இதை அங்கே சொல்ல முடியுமா? (புது மாப்பிள்ளைக்கு வயிறு இருக்கலாம், வயிற்றுப்போக்கு இருக்கக் கூடாது.)

மறுநாள் காலை கொல்லைக்குப் போய்வந்தவன், தென்னங்கீற்றில் வெயில் ஊஞ்சலாடுவதைப் பார்த்துக்கொண்டே இரண்டு விரலை நனைத்தேன். அப்போது நான் கவிஞன். சோப்புப் போட்டுத் தேய்ப்பதெல்லாம் உரைநடை.

விராலிமலை முருகனுக்கு நேர்ந்து படைக்கும் பஞ்சாமிர்தத்தைப் புது மாப்பிள்ளைதான் கையால் பிசைய வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். முழங்கைவரை இறங்கினேன். வாழைப்பழம் வழுக்கியது, வெல்லம் கரைந்தது, தேன் வழிந்தது, நானும் உருகினேன். மாமனார் மூன்று தடவை வாங்கித் தின்றார். "மாப்பிள்ளை கைமணமே தனிங்க!"

அடுத்த நாள் மத்தியானம் கொல்லைக்கு வழி மறந்தவர் யாருமில்லை. மற்றவர்கள் தேறினார்கள். மாமனார் தேறவில்லை. விடிந்தபோது கண் குழிந்து, உதடு வெடித்துத் தண்ணீர் கேட்டார். மாமியார் குடத்தை மறைத்துவிட்டார்.

"குடிச்சா அதுவும் தண்ணியாத்தான் போகும். பேசாமப் படுங்க."

வாயைத் திறந்தால் என் மானம் போகும். மூடினால் அவர் உயிர் போகும். திறந்தேன்.

"அத்தை, உப்புப் போட்டுக் கஞ்சித் தண்ணி குடுங்க. நான் அதுலதான் பொழச்சேன்."

"நீங்களா? எப்ப?"

"இங்கிட்டு வர்றதுக்கு முந்தின நாளு."

வீடே என் கையைப் பார்த்தது. என் மனைவி சிவகாமிதான் கேட்டாள்: "அந்தக் கையாலயா பெசஞ்சீங்க?"

ஆஸ்பத்திரியிலிருந்து வரச்சொல்லியிருந்த கம்பவுண்டர் அந்நேரம் சைக்கிளில் வந்து இறங்கி என்னைக் காப்பாற்றினார். "அவரு சொல்றது சரிதாங்க. இது கையில ஒட்டி வர்ற கிருமி." (வைரஸ் என்ற பேர் பிற்பாடுதான் என் காதில் விழுந்தது.) "இதுக்கு மருந்து கெடையாது, தானா அடங்கும். அதுவரைக்கும் வெளிய போறதுக்கு ஈடா உள்ள போகணும். கொஞ்சங் கொஞ்சமாக் குடுங்க. வாந்தி எடுத்தா சித்த விட்டுட்டு மறுபடி குடுங்க. மத்தியானத்துக்குள்ள ஒன்னுக்குப் போகலைன்னா வண்டியக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துருங்க."

சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தேன், தோல் சிவக்க. கரண்டி கரண்டியாக ஊற்றினேன். ஒரு கரண்டி உள்ளே, அரைக் கரண்டி என் வேட்டியில். உச்சி வெயிலில் கொல்லையிலிருந்து மாமியார் கூவினார்:

"ஒன்னுக்குப் போயிட்டாரு!"

பிற்பாடு அவருக்குப் பேத்தியாக என் மகள் பிறந்தபோதுகூட அந்தத் தெரு அவ்வளவு சந்தோஷத்தைக் கண்டதில்லை.

அந்தப் பேத்திக்குப் போன வைகாசியில் கல்யாணம். எண்பதைத் தாண்டிய மாமனார் முன்வரிசையில். அட்சதைக்கு நான் கை நீட்டியதும் மேளத்தை மீறிக் கேட்டது அவர் குரல்: "மாப்பிள்ளை, கையக் கழுவுனீங்களா?"

பந்தலே சிரித்தது. கழுவப் போனேன். திரும்பிப் பார்த்தால், எதற்கென்றே தெரியாமல் சம்பந்தி வீட்டார் பாதிப்பேர் என் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள்.