ஊதி அண்ணாச்சி அணைக்காத பெட்டி

தென்காசி ஜில்லாவிலேயே ஊதாமல் எதையும் எதிலும் செருகாத மனிதர் எங்கள் ஊதி அண்ணாச்சி ஒருவர்தான். சிம் கார்டா, ஊது. சார்ஜர் முனையா, ஊது. சொந்த வீட்டுப் பூட்டில் சாவி போடுவதற்கு முன்னாலும் 'உஃப்' என்று ஒரு ஊது. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஆதார் அட்டையில் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், ஒரே முற்றத்தைச் சுற்றி நாலைந்து வீடுகள் இருக்கிற வளவு ஒன்றில் குடியிருக்கிறேன். அண்ணாச்சி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் தும்மினால் என் வீட்டு முருகன் படம் ஆடும். இந்த லட்சணத்தில் நான் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றித் தெரியாமல் இருக்க முடியுமா?

ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வந்த புதிதில் நடந்தது இது. விரல் வைக்கச் சொன்னார்கள். அண்ணாச்சி விரலை வைப்பதற்கு முன் குனிந்து மெஷினில் ஒரு ஊது ஊதினார். மறுபக்கம் குனிந்திருந்த கடைக்காரர் முகம் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அண்ணாச்சி, வெரல வைக்கச் சொன்னேன். வெளக்க அணைக்கச் சொன்னேனா?" இதாவது பரவாயில்லை. பெரிய கோயிலில் குருக்கள் கையில் போட்ட திருநீற்றைப் பழக்க தோஷத்தில் ஊதிவிட்டார். முன்னால் நின்றவர் கறுப்புச் சட்டை போட்டிருந்த கல்யாண மாப்பிள்ளை. மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் பழைய தொழில் வைத்த பழக்கம். இன்றைக்கு செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, தொண்ணூறுகளில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிவி கேம் கடை வைத்திருந்தார். அந்தக் காலத்து கேம் கேசட்டைச் செருகினால் பாதி நேரம் படம் வராது. கழற்றி, அடிப்பக்கம் ஊதி, மறுபடி செருக வேண்டும். அப்போதும் வராவிட்டால் டிவி மண்டையில் ஓர் அடி. அண்ணாச்சி அந்த அடியையும் விடவில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வாங்கிய தகடு டிவியையும் ஒரு நாள் அடித்தார். அது ஓரத்தில் விரிசல் விட்டு, அந்த மூலையில் வருகிற ஆட்களுக்கெல்லாம் முகத்தில் ஒரு தழும்பு.

இத்தனை ஊதியும் அண்ணாச்சிக்கு ஆட மட்டும் வராது. கடை முதலாளி, அங்கே ஓடிய எட்டுக் கோட்டை ஆட்டத்தில் முதல் கோட்டையைக்கூடத் தாண்டியதில்லை. தாண்டியது கோமதி அக்கா.

கடைக்குப் பக்கத்தில் பீடிக்கடை. வீட்டில் சுற்றிய பீடியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு இலையும் தூளும் வாங்கிப் போகும் பெண்களில் கோமதி அக்காவும் ஒருத்தி. வரிசை நீளமாக இருந்த ஒரு நாள், வெயிலுக்கு ஒதுங்குவதாகச் சொல்லிக்கொண்டு கேம் கடைக்குள் வந்தார். எட்டுக் கோட்டை ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. தலைப்பாகை கட்டிய ஒருவன் குதித்துக் குதித்து எட்டுக் கோட்டை தாண்ட வேண்டும். பீடி சுற்றிய விரல் அல்லவா, பட்டன்மேல் அது போன வேகத்தைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்த பயல்கள் இடம் விட்டு நகர்ந்தார்களாம். ஏழாவது கோட்டை வரைக்கும் போய்விட்டார். அப்போது கரண்டு போய்விட்டது. மறுமுறை வந்தபோதும் ஏழாவது கோட்டை, கரண்டு போய்விட்டது. மூன்றாம் முறையும் அப்படியே ஆனதும் அக்கா கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு, "இதெல்லாம் ஒரு கடையா?" என்று கேட்டார்.

அண்ணாச்சி அன்றைக்குச் சொன்னதை என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். "எம்மா, நீ என்னையக் கெட்டிக்கிட்டன்னா ஒன் ஆட்டத்துல ஒருக்காலும் கரண்டு போகாம நான் பாத்துக்கிடுதேன்." ஊர் உலகத்தில் பூ கொடுப்பான், பாட்டுப் பாடுவான். கரண்டு தருகிறேன் என்று சொல்லிப் பெண் கேட்டவர் இவர்தான். அக்காவும் சம்மதித்தார் என்பதுதான் அதைவிட ஆச்சரியம். கல்யாணம் ஆயிற்று, கடை மூடியாயிற்று, பழைய பெட்டி துருப்பிடித்துப் போயிற்று, எட்டாவது கோட்டை அப்படியே நின்றுவிட்டது.

அப்புறம் அக்காவுக்கு இரண்டு கிட்னியும் படுத்துவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். அண்ணாச்சி கூடவே போவார். ஊசிக் குழாயைச் செருகப்போன நர்ஸ் பக்கத்தில் போய் வாயைக் குவித்தாராம். நர்ஸ் போட்ட சத்தத்தில் அடுத்த வார்டிலிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். "வீட்டுக்காரர் வெளிய இருந்தாத்தான் மெஷின போடுவேன்" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டது. கோமதி அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும், இருந்தாலும் சிரிப்பார்.

துபாயில் இருக்கும் மகன், அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று புத்தம்புது கேம் பெட்டி ஒன்று வாங்கி அனுப்பினான். அதில் வருகிற ஆளுக்கு வேர்த்தால் வேர்வை தெரியுமாம். அண்ணாச்சி செய்த முதல் வேலை, அதற்குள் எமுலேட்டர் ஏற்றியது. புது மெஷினைப் பழைய மெஷின் மாதிரி நடிக்கவைக்கிற சாப்ட்வேர் அது. "புது மாப்பிள்ளைக்கு மாமனார் வேசம் கெட்டிவிட்ட மாதிரி வே" என்று எனக்கு விளக்கினார். கேசட்டே இல்லை. ஆனாலும் ஆட்டம் தொடங்குவதற்கு முன் பெட்டியின் முன்பக்கம் குனிந்து ஊதினார். அக்கா, "ம், இப்பம் படம் வரும்" என்றார். வந்தது. தலைப்பாகைக்காரன் கட்டம் கட்டமாக வந்து நின்றான். அக்காவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அந்த வருஷம் நான் பார்த்ததே இல்லை.

எமுலேட்டரில் ஒரு வசதி உண்டு. நினைத்த இடத்தில் ஆட்டத்தை சேவ் பண்ணி வைத்துக்கொள்ளலாம். செத்தால் அங்கிருந்து மறுபடி ஆடலாம். பழைய பெட்டியில் அது கிடையாது. செத்தால் முதல் கோட்டையிலிருந்துதான். கோமதி அக்கா சேவ் கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். அண்ணாச்சிக்கு மனது கேட்கவில்லை. அக்கா ஆறாவது கோட்டையில் இருந்தபோது, கன்ட்ரோலரை வாங்கித் துடைக்கிற மாதிரி ஒரு சேவ் போட்டுவிட்டார். டிவி மூலையில் 'சேவ் ஆயிற்று' என்று பளிச்சென்று காட்டிவிட்டது. அக்கா பிடித்த பிடி என் வீடு வரைக்கும் கேட்டது.

"இது கள்ளாட்டம்லா? நான் செத்துருவேன்னுதான போட்டீங்க?"

"ஏட்டி, ஆட்டத்துலதாம்ட்டி."

"எதுல செத்தாலும் செத்ததுதான். எனக்கு சேவ் போடாதீங்க. போட்டீங்கன்னா நான் தொடவே மாட்டேன்."

அண்ணாச்சி தலையிலடித்து சத்தியம் செய்தார். அக்கா முதல் கோட்டையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

ஒரு காலை நேரம், அக்கா என்னை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "தம்பி, வந்து பாருங்க." எட்டாவது கோட்டை! மரப்பலகைப் பாலம், கீழே ஆறு, அந்தப் பக்கம் கதவு. அந்தக் கதவைத் தென்காசியில் ஒருத்தரும் பார்த்ததில்லை என்று அண்ணாச்சி சாமி வந்தவர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டத்தில் பாக்கி ஓர் உயிர்தான். அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வந்துவிட்டது. அக்கா ஆட்டத்தை நிறுத்திவைத்தார். சேவ் இல்லாததால் பெட்டி அணைந்தால் ஆட்டமும் போய்விடும். பாலத்தின் நடுவில் தலைப்பாகைக்காரன் அப்படியே நின்றான்.

"அணைக்காதீங்க. வந்து ஆடுதேன்" என்றார்.

வரவில்லை. டயாலிசிஸ் மெஷினில் இருக்கும்போதே நெஞ்சு நின்றுவிட்டது.

சாயங்காலம் அக்காவைக் கொண்டுவந்தார்கள். ஐஸ் பெட்டிக்காரர்கள் வந்து, கூடத்தில் பிளக் தேடினார்கள். இருந்தது ஒன்று. அதில் கேம் பெட்டி. ஒருவன் அதைப் பிடுங்கக் கை வைத்தான். அதுவரை கல்லு மாதிரி உட்கார்ந்திருந்த அண்ணாச்சி பாய்ந்து எழுந்தார்.

"ஏலே! அந்த பிளக்கத் தொட்டன்னா கைய ஒடிச்சிருவேன்!"

அழுதுகொண்டிருந்தவர்களெல்லாம் அழுகையை நிறுத்திவிட்டார்கள். கடையத்திலிருந்து வந்திருந்த அக்காவின் பெரியப்பா, "பாவம், மனுசனுக்குக் கோட்டி புடிச்சிட்டு" என்றார். "பொண்டாட்டி பொணமாக் கெடக்கா, இவரு கேமுக்குக் காவல் இருக்காரு" என்று வாசலில் யாரோ சொன்னார்கள். நான்தான் என் வீட்டிலிருந்து வயர் இழுத்து ஐஸ் பெட்டிக்குக் கொடுத்தேன். ஆக, கோமதி அக்காவுக்கு என் வீட்டு கரண்டு, அக்காவின் ஆட்டத்துக்கு அவர் வீட்டு கரண்டு. அன்றைக்கு எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் கொல்லைப்பக்கம் போய்த்தான் முடித்தேன்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் மகன், "அப்பா, பெட்டி சூடாவுது, அணைச்சிருங்களேன்" என்று மெல்லச் சொன்னான்.

"பெட்டி நீ அனுப்புனதுதான்யா. உள்ள இருக்கது ஒங்கம்மா ஆட்டம்."

அவன் துபாய் போய், பெரிய இன்வெர்ட்டர் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தான். அப்பாவுக்குப் பிள்ளை தப்பவில்லை.

அன்றிலிருந்து ஒரு வருஷம் அந்தப் பெட்டி அணையவில்லை. டிவியை அணைத்துவிடுவார், பெட்டி மட்டும் ஒரு பொட்டு வெளிச்சத்தோடு உறுமிக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் வீட்டிலிருந்த ஒரே டேபிள் பேனைப் பெட்டிக்கு வைத்துவிட்டு, தான் விசிறிமட்டையோடு உட்கார்ந்திருந்தார். பராமரிப்புக்காகக் கரண்டு நிறுத்துகிற நாளென்றால், சாவு வீட்டுக்கு ஆள் சொல்லுகிற மாதிரி முந்தின நாளே வீடு வீடாகப் போய் விசாரிப்பார். என் இன்வெர்ட்டரிலிருந்தும் ஒரு வயர் சுவரைத் தாண்டிப் போயிற்று. அதனால் என் வீட்டில் கரண்டு போனால் எனக்கு பேன் கிடையாது. நான் திட்டாத நாளில்லை. வயரை உருவவும் இல்லை.

ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன். "ஒரு சேவ் போட்டுட்டு அணைச்சா என்ன அண்ணாச்சி? யாருக்குத் தெரியப்போவுது?"

"அவளுக்குத் தெரியும்வே" என்றார்.

இந்த ஆடியில் சாரல் காற்று பேயாக அடித்தது. குற்றாலத்தில் குளிக்க விடவில்லை. எங்கள் ரோட்டில் ஒரு பெரிய மருதமரம் மின்கம்பி மேலேயே சாய்ந்து, கம்பங்கள் வரிசையாகப் படுத்துவிட்டன. ஒரு முழு நாள் கரண்டு இல்லை. முதலில் என் இன்வெர்ட்டர் செத்தது. மறுநாள் மத்தியானம் அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார்.

"வே, கொஞ்சம் வாரும்."

போனேன். அவர் இன்வெர்ட்டர் கீக்கீயென்று கத்திக்கொண்டிருந்தது. "எவ்ளோ நேரம் தாங்கும்?" என்று கேட்டேன்.

"இந்தா போவும், அந்தா போவும்."

"அண்ணாச்சி, ஒங்க கால்ல விழுதேன். சேவ் போட்டிருங்க. அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

"சொல்லுவா. ஒமக்கு அவளத் தெரியாது." பாயில் உட்கார்ந்தார். "இங்கன இரியும். சேவ் போட்டா அவ பேச்சு போச்சு. சும்மா இருந்தா கரண்டு போயி என் பேச்சு போச்சு. கெட்டும்போது சொன்னேம்லா? ஆடித் தோத்தா ரெண்டு பேரு பேச்சும் நிக்கும். செரிதானவே?"

தலையாட்டினேன்.

டிவியைப் போட்டார். பாலத்தின் நடுவில் தலைப்பாகைக்காரன், அக்கா நிறுத்திய அதே இடத்தில். அண்ணாச்சி கன்ட்ரோலரை எடுத்தார். 'உஃப்' என்று ஊதினார். பட்டனை அமுக்கினார்.

முதல் பலகை தாண்டினான். இரண்டாவதும் தாண்டினான். "குதிங்க அண்ணாச்சி, குதிங்க!" என்று நான் கத்துகிறேன். முதல் கோட்டையே தாண்டாத மனிதர், வியர்வை ஒழுக ஒழுகப் பாலத்தில் பாதி போய்விட்டார். கதவின் ஒரு ஓரம் தெரிந்தது. பச்சை நிறம். அடுத்த பலகையில் கால் வழுக்கி ஆற்றில் விழுந்தான்.

ஆட்டம் முடிந்துவிட்டது என்று திரை காட்டியது. அண்ணாச்சி திரையைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீரா வே? ஆட்டம் முடியுத வரைக்கும் கரண்டு போகலல்லா?"

"போகல அண்ணாச்சி."

"நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லும்."

"போகல. இன்னும் லைட்டு எரியுது, பாருங்க."

பெட்டியைத் தன் கையாலேயே அணைத்தார். அதற்கப்புறம்தான், இந்த ஒரு வருஷத்தில் முதல்தடவையாக, ஓவென்று அழுதார். "ஏட்டி கோமதி, கரண்டு இருந்துச்சுட்டி. எனக்குத்தான் ஆடத் தெரியல."

இதை இங்கே எழுதிவைக்கிறேன். கோமதி அக்கா, நான் பக்கத்தில்தான் இருந்தேன். அண்ணாச்சி மேல் ஒரு குறையும் இல்லை. கரண்டு போகவே இல்லை.